வெட்டுண்ட மரம் துளிர்த்தது



மழைக்காலத்தில் ஒரு வீட்டின் சுவர் இடிந்து விழுகிறது. யாருக்கும் காயமில்லை. சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, அந்த வீட்டுத் தாய் அடுத்த நிமிஷம் எதைத் தேடுகிறாள்? செங்கல்லையா? இல்லை. பத்திரம் வைத்த தகரப்பெட்டி எங்கே, மாமனாரின் படம் எங்கே, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டு எங்கே என்றுதான் தேடுகிறாள். சுவரைத் திரும்ப எழுப்பலாம், இவை போனால் போனவைதாம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

யுத்தத்தில் இடிந்துபோன பழம்பெரும் கோவில்களையும் மடங்களையும் மனிதர் எப்படி மறுபடி எழுப்பினார்கள் என்பதை இந்த வாரம் பார்ப்போம். மூன்று ஊர்களைச் சொல்லப்போகிறோம். ஒன்று இத்தாலியில், ஒன்று போலந்தில், ஒன்று ஜப்பானில். மூன்றிலும் ஒரே உண்மை தெரியும்: இடிந்ததைக் கட்டும் வேலை, அது இடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒருவர் காத்து வைத்திருந்தால்தான் மற்றொருவர் கட்ட முடியும்.

ஆசீர்வாதப்பர் மலை

ரோமாபுரிக்கும் நேப்பிள்ஸ் பட்டணத்துக்கும் நடுவே, மோந்தே கசினோ என்ற மலை இருக்கிறது. அர்ச். ஆசீர்வாதப்பர் ஏறக்குறைய 529-ம் வருஷத்தில் அதன் உச்சியில் ஒரு மடத்தை ஸ்தாபித்தார். ஜெபத்தையும் உழைப்பையும் இணைத்து அவர் தம் சந்நியாசிகளுக்கு ஒழுங்கு எழுதிக் கொடுத்தது அங்கேதான். அவரும் அவருடைய சகோதரி அர்ச். ஸ்கொலாஸ்திக்கம்மாளும் அந்த மடத்துக் கோவிலில் ஒரே கல்லறையில் அடங்கியிருக்கிறார்கள். வேதசாஸ்திரிகளில் தலைசிறந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் சிறு பிள்ளையாக இருந்தபோது, பெற்றோர் அவரை இந்த மடத்தில்தான் விட்டார்கள்.

இந்த மடத்தின் சரித்திரத்தில் இடிபாடு புதிதல்ல. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் லொம்பார்தியர் அதைப் பாழாக்கினார்கள். 883-ம் வருஷம் சரசேனர் எரித்தார்கள். 1349-ம் வருஷம் பூகம்பம் தள்ளியது. ஒவ்வொரு முறையும் சந்நியாசிகள் திரும்பி வந்து கட்டினார்கள். ஆனபடியால் அந்த மடத்துக்கு ஒரு விருதுவாக்கு உண்டு. "வெட்டுண்டது மறுபடி பசுமையாகிறது" என்பது அதன் பொருள். நம் தோட்டத்து முருங்கையை ஒட்ட வெட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. வேர் இருக்கிறவரை மரம் சாகவில்லை.

லாரிகளில் ஏறிய புத்தகங்கள்

1943-ம் வருஷம். இரண்டாம் உலக யுத்தம் இத்தாலிக்குள் வந்துவிட்டது. தெற்கிலிருந்து நேச நாட்டுப் படைகள் ரோமாபுரியை நோக்கி ஏறின. ஜெர்மானியப் படை அவர்களைத் தடுக்கத் தெரிந்துகொண்ட அரண் வரிசை, இந்த மலையடிவாரத்தின் வழியாகவே போயிற்று. மலையுச்சியில் மடம். அதற்குள் விலைமதிக்கக்கூடாத கையெழுத்துப் பிரதிகள், பல்லாயிரம் நூல்கள், ஆயிரம் வருஷத்துத் தஸ்தாவேஜுகள். இத்தாலிய மக்களின் பேச்சுமொழி முதன்முதல் எழுத்தில் பதிவான 960-ம் வருஷத்து நியாயத்தீர்ப்புப் பத்திரமும் அவற்றுள் ஒன்று.

அக்டோபர் மாதத்தில் ஜெர்மானியப் படையதிகாரிகள் இருவர் மடத்துக்கு வந்தார்கள். ஒருவர் யூலியுஸ் ஷ்லேகெல் என்ற ஆஸ்திரியர். மற்றவர் மாக்சிமிலியன் பெக்கர் என்ற மருத்துவர். "இங்கே யுத்தம் வரப்போகிறது. இவற்றை அப்புறப்படுத்துங்கள், நாங்கள் லாரி தருகிறோம்" என்பதே அவர்கள் கொண்டுவந்த செய்தி. மடாதிபதி கிரெகோரியோ தியாமாரே தயங்கினார். ஆயுதம் தாங்கியவன் வந்து உன் பொருளைப் பத்திரமாக வைக்கிறேன் என்றால், தயங்காதவர் யார்? ஆயினும் முடிவில் சம்மதித்தார். பலகை அடித்துப் பெட்டிகள் செய்யப்பட்டன. லாரிகளில் பொக்கிஷங்களோடு சந்நியாசிகளும் ஏறினார்கள். சில வாரங்களில் நூல்களும் பத்திரங்களும் மலையை விட்டு இறங்கிவிட்டன. அவை ரோமாபுரி போய்ச் சேர்ந்து பிழைத்தன.

அந்தப் படையில் எல்லாரும் யோக்கியர் என்று நாம் எண்ண வேண்டாம். மடத்தில் காப்புக்காக வைத்திருந்த நேப்பிள்ஸ் நகரத்து ஓவியங்கள் சில வழியிலே திருட்டுப் போய், யுத்தத்துக்குப் பின் ஆஸ்திரியாவில் ஓர் உப்புச் சுரங்கத்திலிருந்து மீட்கப்பட்டன. எதிரிப் படையில் திருடனும் இருந்தான், மனச்சாட்சியுள்ளவனும் இருந்தான். ஒரு முழுச் சாதியையும் ஒரே தராசில் நிறுக்கிறவர்கள் இந்தப் பாடத்தை நினைவில் வைப்பது நல்லது.

மூன்று மணி நேரமல்ல, பதினான்கு நூற்றாண்டு

1944-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி செவ்வாய்க்கிழமை. விபூதிப் புதனுக்கு இன்னும் எட்டே நாள். ஜெர்மானியர் மடத்துக்குள் இருந்துகொண்டு மலையைக் காக்கிறார்கள் என்று எண்ணி, நேச நாட்டுத் தளபதிகள் குண்டுவீச உத்தரவு கொடுத்தார்கள். இருநூறுக்கு மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்தன. சாயங்காலத்துக்குள் மடம் கற்குவியலாயிற்று. விமானங்கள் மலைக்கு மேல் பறந்த நேரம் கொஞ்சம். அழிந்தது பதினான்கு நூற்றாண்டின் உழைப்பு.

உள்ளே இருந்தவர்கள் யார்? மடாதிபதியும் சில சந்நியாசிகளும், அடைக்கலம் தேடி வந்த நூற்றுக்கணக்கான ஏழை ஜனங்களும். ஜெர்மானியப் போர்வீரர் மடத்துக்குள் இருக்கவில்லை என்பது பிற்பாடு தெளிவாயிற்று. செத்தவர்கள் அடைக்கலம் புகுந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும்தான். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17-ந் தேதி விடியற்காலையில், எண்பது வயதை நெருங்கிய மடாதிபதி, பிழைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு, முன்னால் ஒரு பெரிய மரச்சிலுவை போக, ஜெபமாலை சொல்லியபடி மலையை விட்டு இறங்கினார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெட்டிகள் லாரி ஏறாமல் இருந்திருந்தால் அன்றைக்கு எல்லாம் சாம்பல். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: இவ்வளவு இடிந்தும் ஆசீர்வாதப்பரின் கல்லறை சிதையவில்லை. கட்டடம் போயிற்று, வேர் போகவில்லை.

குண்டுவீச்சினால் யுத்தம் சுருங்கவுமில்லை. ஜெர்மானியர் இப்போது இடிபாடுகளுக்குள்ளேயே வந்து பதுங்கிக்கொண்டார்கள். மே மாதம் 18-ந் தேதி போலந்துப் படையினர் உச்சியை அடையும் வரை இரத்தம் சிந்தப்பட்டது.

அந்தச் சண்டையில் நம்மவர்களும் இருந்தார்கள். நான்காவது இந்தியப் படைப்பிரிவு அந்த மலைச்சரிவில் போராடியது. மதராஸ் சாப்பர்ஸ் என்ற நம் நாட்டுப் பொறியாளர் படையினர், பாதை வெட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதுமாக அங்கே உழைத்தார்கள். பிப்ரவரி 24-ந் தேதி, கசினோவுக்குத் தெற்கே மிக்னானோ என்ற ஊரில், அந்தப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், பக்கத்தில் நின்றவர்களைக் காப்பாற்ற ஒரு கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கவிழ்த்து உயிர் விட்டார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்ற உயர்ந்த வீரப்பதக்கம் மரணத்துக்குப் பின் வழங்கப்பட்டது. பிறருக்காகத் தன் உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய சிநேகம் இல்லை என்று நாம் கோவிலில் கேட்கிறோம். அந்தத் தமிழர் அதைச் செய்தே காட்டினார்.

இருந்த இடத்தில், இருந்தபடியே

யுத்தம் முடியுமுன்பே, 1945-ம் வருஷம் மார்ச் 15-ந் தேதி, மீண்டும் முதற்கல் வைத்தார்கள். முதிய மடாதிபதி தியாமாரே அதே வருஷம் காலஞ்சென்றார். அவருக்குப் பின் வந்த மடாதிபதி இல்தெபொன்சோ ரேயா வேலையை ஏற்றுக்கொண்டார். "இருந்த இடத்தில், இருந்தபடியே" என்பதே அவர்களுடைய தீர்மானம்.

சொல்வது எளிது. செய்வது எப்படி? முதலாவது, வெடிக்காத குண்டுகளையும் கண்ணிவெடிகளையும் அகற்ற வேண்டும். இரண்டாவது, குப்பையை வாரிக் கொட்டிவிடாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். தூணின் துண்டு, படிக்கல், செதுக்கிய பளிங்கு எதுவானாலும் அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று அறிய வேண்டும். மூன்றாவது, பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் எடுத்து அளவு பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே கொத்தனாருக்கு வேலை.

எல்லாம் திரும்பக் கிடைத்தனவா? இல்லை. லூக்கா ஜோர்தானோ என்ற மேதை கோவிலில் தீட்டியிருந்த ஓவியங்கள் ஒரேயடியாகப் போய்விட்டன. அவற்றைப் போலப் பொய்யாக ஒன்றை எழுதி, "இதோ பழைய ஓவியம்" என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் பியேத்ரோ அன்னிகோனி என்ற நம் காலத்து ஓவியர் கோவிலின் உட்புறத்தில் புதிய ஓவியங்கள் தீட்டினார். பழைய சுவர் எழுந்தது. இழந்தது இழந்ததாகவே ஒப்புக்கொள்ளப்பட்டது.

1964-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி, பரிசுத்த பாப்பரசர் 6-ம் சின்னப்பர் மலையேறி வந்து கோவிலை அபிஷேகம் செய்தார். அன்றைக்கே அர்ச். ஆசீர்வாதப்பரை ஐரோப்பா முழுமைக்கும் பாதுகாவலராக அறிவித்தார். மடம் விழுந்து இருபது வருஷமாயிற்று. அவசரப்படாதவர்களின் வேலை அது.

இன்றைக்கு மடத்து வாசலில் நின்று கீழே பார்ப்பவர்கள் போலந்து வீரரின் கல்லறைத் தோட்டத்தைக் காண்கிறார்கள். கசினோ பட்டணத்துப் பக்கம் பிரித்தானியர், இந்தியர் முதலியோரின் கல்லறைகள். சற்று தூரத்தில் ஜெர்மானியர் இருபதினாயிரம் பேர் அடங்கிய கல்லறைகள். ஒருவரையொருவர் கொன்றவர்கள் ஒரே மலையைச் சுற்றி உயிர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.

அளந்து வைத்தவர்கள்

மோந்தே கசினோவில் நூல்களைக் காத்தார்கள். போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவிலோ, வீடுகளின் அளவுகளைக் காத்தார்கள்.

1944-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் வார்சா மக்கள் ஜெர்மானியருக்கு விரோதமாகக் கிளர்ந்தெழுந்தார்கள். அறுபத்துமூன்று நாள் போராடித் தோற்றார்கள். அதற்குத் தண்டனையாக நகரத்தைத் தெருத் தெருவாக எரித்தும் வெடிவைத்தும் தகர்த்தார்கள். அர்ச். அருளப்பர் பேராலயமும் தப்பவில்லை. பழைய நகரத்தில் நின்றவை சில சுவர்களே.

ஆனால் வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை ஆசிரியரும் மாணவரும் பழைய நகரத்தின் வீடுகளை அளந்து வரைந்த படங்கள் இருந்தன. எதிரியின் ஆட்சியிலும் அந்த வேலையை இரகசியமாக நடத்தினார்கள். நகரம் அழிந்துகொண்டிருந்த நாட்களில் அந்தப் படங்களை வெளியே கடத்தி, பியோத்ர்க்குவ் என்ற ஊரில் பிராஞ்சீஸ்கு சபை மடம் ஒன்றில் ஒளித்து வைத்தார்கள். தலைமேல் கூரை இல்லாத காலத்தில், கூரை எப்படி இருந்தது என்பதைக் காத்தார்கள்!

யுத்தம் முடிந்ததும் அந்தப் படங்களைக் கொண்டே வேலை தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்னார்தோ பெல்லோத்தோ என்பவர் வார்சாவின் தெருக்களை நுட்பமாகத் தீட்டிய ஓவியங்களும் துணைநின்றன. இடிபாட்டுச் செங்கல் மறுபடி சுவராயிற்று. 1953-ம் வருஷம் ஜூலை மாதம் பழைய சந்தைச் சதுக்கம் திறக்கப்பட்டது. 1980-ம் வருஷம் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. அரண்மனை முடிய இன்னும் சில வருஷங்களாயின.

"ஜனங்களுக்கு வீடில்லை, பழைய அலங்காரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. நியாயமான கேள்விதான். வார்சா மக்கள் அதற்குச் செய்கையால் பதில் சொன்னார்கள். தெருவைப் பார்த்த முகப்பு பழைய மாதிரி. உள்ளேயோ, குடும்பங்கள் குடியிருக்க வசதியான புதிய வீடுகள். ஞாபகத்துக்கும் இடமிருந்தது, தொட்டில் கட்டவும் இடமிருந்தது.

இத்தகைய வேலைகளின் அனுபவத்தைக் கொண்டு 1964-ம் வருஷம் வெனிஸ் நகரத்தில் கூடிய நிபுணர்கள் சில விதிகளை வகுத்தார்கள். அவற்றில் இரண்டை நாம் அறிந்தால் போதும். ஆதாரம் முடிந்து ஊகம் தொடங்குகிற இடத்தில் புதுப்பிப்பவன் நிறுத்திக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்த்தது பழையதோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் பழையதென்று ஏமாற்றக்கூடாது. 1981-ம் வருஷம் பிளாரன்ஸ் நகரத்தில் புராதனத் தோட்டங்களுக்கும் விதிகள் எழுந்தன. தோட்டம் உயிருள்ள நினைவுச்சின்னம், ஆராயாமல் அதில் கைவைக்கலாகாது என்றார்கள். உண்மைதானே? கல்லை ஒரு நாளில் ஏற்றிவிடலாம், நிழல் தரும் மரத்துக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

இரண்டு மணிகள்

மூன்றாவது ஊர் ஜப்பானிலுள்ள நாகசாகி. அங்கே உராக்காமி என்ற பகுதியில் வேதகலாபனைக்குத் தப்பிய கிறிஸ்தவர்கள் வாழ்ந்தார்கள். குருவானவர் இல்லாமல், கோவில் இல்லாமல், இருநூறு வருஷத்துக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக ஜெபங்களையும் ஞானஸ்நானத்தையும் மறைவில் காத்தவர்கள் அவர்கள். திருப்படங்களைக் காலால் மிதிக்கும்படி அவர்களுடைய முன்னோரைக் கட்டாயப்படுத்திய அதிகாரியின் வீடு இருந்த நிலத்தையே பிற்பாடு வாங்கி, அதன்மேல் ஒரு பேராலயம் கட்டினார்கள்.

1945-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி காலை 11 மணி 2 நிமிஷத்துக்கு, அந்தப் பேராலயத்துக்கு அருகே அணுகுண்டு வெடித்தது. பேராலயம் தரைமட்டமாயிற்று. அந்தப் பகுதியில் இருந்த ஏறக்குறைய பன்னீராயிரம் கத்தோலிக்கரில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கோபுர மணிகள் இரண்டில் ஒன்று உடைந்தது. மற்றதை இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்து, அந்த வருஷமே கிறிஸ்துமஸ் இரவில் அடித்தார்கள்.

பாழ்ச்சுவர்களை அப்படியே விட்டுவைப்பதா, மறுபடி கட்டுவதா என்று விவாதம் எழுந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. முன்னோர் பாடுபட்ட இடத்திலேயே பூசை நடக்க வேண்டுமென்று விசுவாசிகள் விரும்பினார்கள். 1959-ம் வருஷம் புதிய பேராலயம் எழுந்தது. பழைய சுவரில் ஒரு துண்டு, குண்டு வெடித்த இடத்தருகே பூங்காவில் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒரு கோபுரத்தில் மட்டும் மணி இல்லை. எண்பது வருஷம் அது ஊமையாக நின்றது.

அணுகுண்டு செய்த திட்டத்தில் பணியாற்றிய ஒரு மருத்துவரின் பேரர், அமெரிக்கர், இதை அறிந்தார். அவருடைய முயற்சியால் நூற்றுக்கணக்கான அமெரிக்கக் கத்தோலிக்கர் பணம் சேர்த்து ஒரு மணி வார்ப்பித்து அனுப்பினார்கள். 2025-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி, அதே 11 மணி 2 நிமிஷத்துக்கு, இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. குண்டு போட்ட தேசத்தின் பிள்ளைகள் கொடுத்த மணியை, குண்டு விழுந்த ஊரின் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். கல்லும் சுண்ணாம்பும் செய்யாத வேலையை அந்த ஓசை செய்தது.

நமக்கு என்ன?

"நம் ஊரில் குண்டு விழவில்லையே" என்பீர்கள். ஆம், சர்வேசுரனுக்குத் தோத்திரம். ஆனால் எந்த விமானமும் வராமலே நாமே எத்தனையை அழித்துவிடுகிறோம்! புதுக் கோவில் வேண்டும் என்ற ஆசையில், பழைய பீடத்தை ஒரு புகைப்படம்கூட எடுக்காமல் உடைக்கும் பங்குகள் உண்டு. நம் பாட்டனார் பெயர் எழுதியிருக்கிற ஞானஸ்நானப் புத்தகம் கரையானுக்கு இரையாகலாம். கோவில் வளவிலுள்ள பழைய வேம்பு, ஒரு கொட்டகைக் காலுக்காக வெட்டப்படலாம். புதிது கட்டுவது பாவமல்ல. அளக்காமல், கேட்காமல், காக்காமல் இடிப்பதுதான் குற்றம்.

கட்டடத்தைவிடப் பெரியது குடும்பம். அண்ணன் தம்பிக்குள் வழக்கு வருகிறது, பேச்சு நின்றுபோகிறது. அதுவும் இடிபாடுதான். அந்தக் காலத்தில் ஒருவராவது பழைய நன்மைகளை ஞாபகத்தில் காத்திருந்தால், என்றைக்காவது திரும்பக் கட்டலாம். "அவன் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை" என்று சொல்கிறவன் வரைபடத்தையும் சேர்த்து எரித்துவிடுகிறான். மீண்டும் சேரும்போது, நடந்ததை நடக்கவில்லை என்று பூசி மறைக்கவும் வேண்டாம். போன ஓவியம் போனதென்று ஒப்புக்கொண்டு, புதியதை எழுதத் தொடங்குங்கள்.

வேதாகமத்தில் நெகேமியாஸ் எருசலேமின் மதிலைக் கட்டியது எப்படி? முதலில் இரவில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு போய் இடிந்த இடங்களைக் கண்ணாரப் பார்த்தார். பிறகு வேலையைப் பங்கிட்டார். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பாகத்தைக் கட்டினார்கள். முழு மதிலையும் ஒருவன் கட்ட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு எதிரே இருப்பதை நீங்கள் கட்டுங்கள்.

வீட்டில் ஜெபமாலைக்குப் பிறகு பேசுவதற்கு:

1. மோந்தே கசினோ மடாதிபதி தயங்கியும் சம்மதித்தது ஏன்? எதிரியிடமிருந்து வரும் நன்மையை நாம் ஏற்போமா?
2. நம் வீடு நாளைக்கு இடிந்தால் திரும்பக் கட்ட முடியாதது எது? அது இப்போது எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறது?
3. நம் பங்குக் கோவிலைப்பற்றி வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிறார்களா?

இந்த வார நற்செயல்: வீட்டில் வயதான ஒருவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில், தேதியோடு எழுதுங்கள். பேச்சு நின்றுபோன உறவு ஒன்று இருந்தால், அவர்கள் செய்த ஒரு நன்மையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம் என்றைக்காவது ஒரு சுவர் எழும்ப உதவும்.

அர்ச். ஆசீர்வாதப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.